முன்போலவே

எதிர்வீட்டு அம்மாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. ஆச்சு.

பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்த அன்றைக்கே பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்துவிட்டு வீடு திரும்பிய மறுநாள், மருமகள் ஒரு கரண்டி கஞ்சியை வாயருகே கொண்டுபோனபோது "ஆச்சு" என்றார். வீடே துள்ளிக் குதித்தது. பேச்சு வந்துவிட்டது என்று மகன் எனக்குக்கூட இனிப்பு வாங்கிக் கொடுத்தான். அதற்கப்புறம் அடுத்த வார்த்தை வரவே இல்லை. இருபத்தாறு வருஷம் சலவைக் கடை கவுண்டரில் நின்றவர் அவர். துணி வாங்க வருகிறவர்கள் "ஆச்சா?" என்று கேட்க, "ஆச்சு, ஆச்சு" என்று மூட்டையை எடுத்து நீட்டியே காலம் போயிற்று. மற்றதெல்லாம் உதிர்ந்த பிறகும் அந்த ஒன்று மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை. பசித்தாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு, ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தாலும் ஆச்சு.

எந்த ஆச்சுக்கு எது என்பது மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காதில் வாங்கி, "தண்ணி கேக்கறாங்க" என்று எழுந்து போவாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது.

நான் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதியே கண் மங்கிப்போனேன். அதனால் அந்த மருமகள் பெண் எனக்கு 'டைம் சார்' என்று பேர் வைத்துவிட்டாள். என் கதவுக்கும் அவர்கள் கதவுக்கும் நடுவில் நாலடி வராந்தா. அவள் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறவள். தைத்ததைக் கட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்வருகிற ஒரு மணி நேரம் அம்மாவுக்குக் காவல் நான்தான். அதனாலேயே அந்த வீட்டு உள்விவகாரம் பூராவும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அறிவைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஓர் உடம்பைப் பார்த்துக்கொள்வது என்ன வேலை என்று பார்க்காதவர்களுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சி தண்ணீராக இருந்தால் புரையேறும், கெட்டியாக இருந்தால் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அது அவள் கைக்குத் தெரியும். துடைக்க, மாற்ற, துவைக்க, மாத்திரையைப் பொடித்துக் கலக்க. நடுநடுவே ஜிப். மகன் லிப்ட் ரிப்பேர் வேலைக்காரன். காலையில் ஏழுக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்கு வருவான். நல்ல பையன்தான். அம்மா மேல் உயிர்.

வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் வருவாள். குடையை என் கதவில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். முதல் மாதம் ஒரு நீள நோட்டு கொண்டுவந்தாள். அதில் எழுதுவதை யாரும் எட்டிப் பார்க்கலாம். இரண்டாவது மாதத்திலிருந்து கையில் டேப், கண்ணாடித் திரை போட்ட சிலேட்டு மாதிரி. பிரஷர் பார்ப்பாள், சுகர் பார்ப்பாள், அம்மாவைத் திருப்பி முதுகை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். பிறகு டக் டக் என்று தட்டுவாள். தட்டுவது ஆஸ்பத்திரிக்கும் போகும், மருந்துக் கவுண்டருக்கும் போகும், முதியோர் நல அலுவலகத்துக்கும் போகும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும் என்று பெருமையாகச் சொன்னாள். அப்போது எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. கமோட் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு அம்மாவை மாற்றும்போது தரை ஈரம். நாற்காலிச் சக்கரம் வழுக்கிவிட்டது. அம்மா பக்கவாட்டில் சரிய, மருமகள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாள். கிடைத்தது வலது மேற்கை. பிடிக்காமல் விட்டிருந்தால் இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற உடம்பு வேறு, லேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். சாயங்காலத்துக்குள் நாலு விரலும் கட்டைவிரலும் அப்படியே அச்சாக நீலம் பாரித்துவிட்டன.

மகன் வேலையிலிருந்து வந்ததும் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். "நல்லவேளை பிடிச்சே" என்று சொல்லி, அவனே டீ போட்டுக் கொடுத்தானாம். அதை மறுநாள் என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு ஆறுதல்.

மறுநாள் சிஸ்டர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"இது என்னம்மா கையில?"

"நான் பிடிச்சது சிஸ்டர். விழப்போனாங்க, பிடிச்சிட்டேன்."

"நீங்க பிடிச்ச தடம்தானா இது?"

"என் விரல்தான். பாருங்க, சரியாப் பொருந்தும்." விரல்களை அந்த நீலத்தின்மேல் வைத்தே காட்டினாள் பைத்தியக்காரி. அவளுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

சிஸ்டர் தட்டினாள்.

"என்ன சிஸ்டர் எழுதினீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்மா." சொல்லிக்கொண்டே டேப்பைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். கண்ணாடியில் வெளிச்சம் அடித்ததால்கூட இருக்கலாம். ஆனால் சாய்த்தது சாய்த்ததுதான். நான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நடுப்பகலில் அந்த வீட்டிலிருந்து ஒரு அலறல். "ஆச்சு! ஆச்சு! ஆச்சு!" என்று தொண்டை கிழிய. கூடவே மருமகளின் குரல்: "ஆடாதீங்க அத்தை, ஆடினா குத்திடும், சொன்னாக் கேளுங்க!" வராந்தாவுக்கு வந்து அவர்கள் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கதவைத் தட்டலாமா என்று கை எழுந்தது. நமக்கெதற்கு வம்பு என்று இறங்கியது. முக்கால் மணி நேரம் அந்த அழுகை ஓயவில்லை.

மறுநாள் அவளே கூப்பிட்டுக் காட்டினாள். அம்மாவின் தலையில் ஒரு பருத்தித் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தால், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி.

"படுத்துப் படுத்துப் பின்னாடி சடை பிடிச்சுப்போச்சு டைம் சார். சீப்பே போகலை, உள்ள புண்ணாக ஆரம்பிச்சிடுச்சு. வெட்டிட்டேன். எவ்வளவு நீளம் தெரியுமா அவங்களுக்கு? கடையில வர்றவங்க எல்லாம் பின்னலைத்தான் பாப்பாங்களாம். அதான் அப்படி அழுதாங்க. நானும் அழுதேன்." குளிர் ஏறாமல் இருக்கத் துணியை மறுபடி கட்டிவிட்டாள்.

நான் தலையாட்டினேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். முடி வெட்டினதற்கா முக்கால் மணி நேரம் ஒரு மனுஷி அலறுவாள்? சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் எழுந்து போகவே போகாது. அதற்கு அப்புறம் அந்த வீட்டில் ஒரு தட்டு விழுந்தாலும் என் காது அங்கே போயிற்று.

ஒருநாள் சாயங்காலம், அம்மா படுத்திருக்கிற அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. மகன் அம்மாவின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, போனைப் பக்கத்தில் பிடித்து நின்றான். வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டது. என்னைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டான்.

"டாக்டர் கேட்டாரு" என்றான். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டு வந்த மருமகள், தன் வீட்டுக்குள் போகாமல் என் வாசலில் வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"ரத்தம் எடுக்கற பொண்ணு கம்ப்யூட்டர் திரையைப் பாத்துச்சு டைம் சார். அப்புறம் என்னைப் பாத்துச்சு. மறுபடி திரையைப் பாத்துச்சு. 'நீங்க யாரு'ன்னு கேட்டுச்சு. மருமகள்னேன். 'கொஞ்சம் வெளிய இருங்க'ன்னுட்டாங்க."

"கூட்டமா இருந்திருக்கும்."

"ஒரு ஈ காக்கா இல்ல. கட்டிலைச் சுத்தித் துணியை இழுத்து விட்டுட்டு ரெண்டு பேரு அத்தை உடம்பெல்லாம் பாத்திருக்காங்க. மருந்து வாங்கப் போனா, அந்தக் கவுண்டர்லயும் திரையைப் பாத்துட்டு, 'மகன் வந்து வாங்கிக்கட்டும்'ங்கறான். அஞ்சு மாசமா நான்தானே வாங்கறேன்? என்னைத் திருடியைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. அந்தத் திரையில என்னைப் பத்தி என்னமோ இருக்கு."

"உனக்கு வேற வேலை இல்லையா? நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே."

வாய் அப்படிச் சொல்லிற்று. அந்த அலறல் மட்டும் காதுக்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போயிற்று.

புதன்கிழமை சிஸ்டரை மடக்கிக் கேட்டாள். "நான் ஒண்ணும் தப்பா எழுதலையேம்மா" என்றாள் சிஸ்டர், மணியைப் பார்த்துக்கொண்டே. அவளுக்கு அன்றைக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி. "காட்டுங்களேன்" என்று கேட்டதற்கு, "அது காட்டக்கூடாதும்மா, ரகசியம்" என்றாள். ஊர் பூராவும் பார்க்கலாமாம், சம்பந்தப்பட்டவள் பார்த்தால் ரகசியம் கெட்டுவிடுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

எட்டு நாளில் மகன் போனுக்குச் செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வரும், சிஸ்டரும் வருவார், வீட்டில் எல்லோரும் இருக்க வேண்டும் என்று. அம்மாவின் உடம்பில் பதினோரு வாரமாகத் தொடர்ந்து அடிபட்ட தடம் பதிவாகியிருக்கிறதாம். உண்மை என்று தெரிந்தால் அம்மாவை அன்றைக்கே காப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மருமகள் இனி அவரைத் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. அவள் பேர் ஒரு பட்டியலில் ஏறும்.

"எனக்குப் பட்டியல் ஒண்ணும் பயமில்ல டைம் சார்" என்றாள். மிஷினில் கை வைத்திருந்தாள், ஓட்டவில்லை. "அங்க கொண்டுபோனா இவங்க ஆச்சுன்னா யாருக்குப் புரியும்? தண்ணின்னா கஞ்சியை ஊட்டுவாங்க. புரையேறிச் செத்துப்போவாங்க."

"உன் வீட்டுக்காரன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலை. போனை நீட்டினாரு, படிச்சேன், வாங்கிட்டாரு. 'அடிச்சியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட இல்லைன்னு சொல்லியிருப்பேன்ல? கேக்கவே இல்ல."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்தார் விசாரணை அம்மா. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். பேச்சு மெதுவாகத்தான் இருந்தது, பார்வைதான் அறையை மூலை மூலையாகத் துழாவியது. கட்டில் கம்பி, கமோட் நாற்காலி, கஞ்சிக் கிண்ணம், எதையும் விடவில்லை. சிஸ்டர் தையல் ஸ்டூல் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மகன் கதவில் சாய்ந்து நின்றான். என்னையும் அக்கம்பக்கம் என்ற முறையில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

முதலில் அம்மாவிடம் குனிந்தார்.

"அம்மா, உங்களை இந்த வீட்டுல யாராவது அடிச்சாங்களா?"

"ஆச்சு" என்றார் அம்மா, தெளிவாக.

மருமகள் கட்டிலை நோக்கி ஓரடி வைத்தாள்.

"ஐயோ, அவங்களுக்கு அது ஒண்ணுதாங்க வார்த்தை..."

"நீங்க பேசாதீங்க. அவங்க சொல்லட்டும். அம்மா, மருமகள் கையைப் பிடிச்சு முறுக்கினாங்களா?"

"ஆச்சு."

நான் எழுந்து, "மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டில் பக்கம் போனேன். "அக்கா, நான் செத்துப்போயிட்டேனா?"

"ஆச்சு" என்றார் அம்மா. இடது கையால் என் முழங்கையைத் தட்டியும் கொடுத்தார்.

விசாரணை அம்மாவின் உதடு ஒரு ஓரம் துடித்தது. சிரிப்பை முழுங்கிக்கொண்டு டேப்பில் என்னமோ எழுதினார். அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீங்க எதிர்வீடுதானே? சத்தம் ஏதாவது கேட்டதுண்டா?"

பொய் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். "ஒருநாள் அலறினாங்க" என்றேன். "முடி வெட்டினப்போ" என்று சேர்ப்பதற்குள், "எவ்வளவு நேரம்?" என்றார். "முக்கால் மணி நேரம் இருக்கும்." டைம்கீப்பர் புத்தி. அவர் எழுதிக்கொண்டார். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"தடம் இருந்தது உண்மைதான்னு நீங்களே சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க" என்றார் மருமகளிடம்.

"ஒரு தடவை பிடிச்சேன். விழாம இருக்கப் பிடிச்சேன்."

"பதினோரு தடவை இருக்கு. கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "வலது மேற்கையில் விரல் பதிந்த நீலத் தடம். மருமகள் பிடித்ததாக அவரே கூறினார். முதுகில் புண் இல்லை. கூந்தல் சுத்தமாகப் பின்னப்பட்டுள்ளது. இது முதல் வாரம். ரெண்டாவது வாரம், வலது மேற்கையில் விரல் பதிந்த நீலத் தடம்..."

"முந்தாநாள் வந்தாங்களே சிஸ்டர், அந்தத் தேதியைப் படிங்க" என்றாள் மருமகள். குரல் திடீரென்று வேறு மாதிரி ஆகியிருந்தது.

"வலது மேற்கையில் விரல் பதிந்த நீலத் தடம். மருமகள் பிடித்ததாக அவரே கூறினார். முதுகில்..."

"கடைசி வரி."

"கூந்தல் சுத்தமாகப் பின்னப்பட்டுள்ளது."

மருமகள் கட்டிலுக்குப் போய் அத்தையின் தலையிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். விரல்கணு நீளம்கூட இல்லாத வெள்ளை முடி குத்திட்டு நின்றது.

"வெட்டி ஏழு வாரம் ஆகுது" என்றாள். "பின்னல் எங்க இருக்குன்னு தேடி எடுத்துக் குடுங்க, நானும் பாக்கறேன்."

"ஆச்சு" என்றார் அம்மா, தலையைத் தடவிக்கொண்டு.

விசாரணை அம்மா மெதுவாகச் சிஸ்டர் பக்கம் திரும்பினார். சிஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு பொத்தான் இருக்கு மேடம்" என்றாள். "'முன்போலவே'ன்னு. முப்பத்தெட்டு கட்டம் நிரப்பணும். ஒரு நாளைக்குப் பதிமூணு வீடு. அதை அமுக்கினா போன வாரம் போட்டது அப்படியே வந்து நிக்கும். பிரஷரும் சுகரும் மட்டும் புதுசாப் போடுவேன். விழுந்த கையில பிரஷர் பாக்கக்கூடாது, அதனால இடது கையிலதான் பாப்பேன். வலது கையை... சட்டையைத் தூக்கிப் பாக்கலை மேடம். முதுகை மட்டும் சத்தியமா என் கண்ணால பாத்தேன். புண் வந்தா உயிருக்கு ஆபத்தாச்சே." அழுதுவிட்டாள். "தலையில துணி கட்டியிருந்தாங்க. கேக்கணும்னுகூடத் தோணலை."

எனக்கு என்னையே நாலு அறை விடலாம் போல இருந்தது. தினம் ஒரே நேரத்தை எழுதிக்கொண்டுவருகிற கண்டக்டர்களை டிரிப் ஷீட்டைப் பார்த்தே பிடித்தவன் நான். இத்தனை வாரமாக என் மூக்குக்கு முன்னால் அதே வித்தை நடந்திருக்கிறது, நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

விசாரணை அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சரி, பதிவு பாத்து எழுதினது இல்ல. ஆனா பின்னல் தப்புங்கறதால தடமும் தப்புன்னு ஆயிடாது."

"கையைப் பாருங்க. இப்போ ஒண்ணும் இல்லையே!"

"இன்னிக்கு இல்ல. நடுவுல இல்லைன்னு யார் சொல்றது? சிஸ்டர் பாக்கலை. ஆஸ்பத்திரியில தடம் இல்லைன்னு பாத்தது ஒரே ஒரு நாள். இவரு அலறல் கேட்டேங்கறாரு. நீங்க சொல்றதை மட்டும் வச்சு நான் எழுத முடியாதும்மா. முடிவு தெரியற வரைக்கும் அவங்களைக் காப்பகத்துல வைக்கறதுதான் முறை. வண்டிக்குச் சொல்லணும்."

மருமகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கதவுப் பக்கம் நின்ற மகன் சட்டைப் பையில் கையை விட்டான். எடுத்தான். மறுபடி விட்டான்.

"என்கிட்ட இருக்கு" என்றான்.

"என்ன?"

"படம். தினமும் எடுத்தது." போனைத் திறந்து நீட்டினான். மனைவி இருந்த பக்கம் அவன் கண் போகவே இல்லை.

விசாரணை அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். தோளுக்கு அருகே ஒரு கிழட்டுக் கை, தேதியோடும் நேரத்தோடும். எழுபத்து மூன்று படம். எட்டிப் பார்த்தேன். முதலில் நீலம். நாலைந்து படத்தில் பச்சை. அப்புறம் மஞ்சள். பதினாலாவது படத்தில் வெறும் தோல். அதற்கப்புறம் ஐம்பத்தொன்பது படத்திலும் வெறும் தோல்தான்.

"இது போதும்" என்றார். முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "தெளிவா இருக்கு. ஒரே தடவை வந்து ஆறின காயம். எதுக்காக தினமும் எடுத்தீங்க?"

அவன் கதவுப் பக்கமே திரும்பிப் போய் நின்றான். அங்கே இருந்த யாருக்கும் அதற்குப் பதில் தேவைப்படவும் இல்லை.

"முதல் படம் என்னிக்கு எடுத்தது மேடம்?" என்று கேட்டாள் மருமகள்.

விசாரணை அம்மா தேதியைப் படித்தார். "செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஏழு இருபது."

"டீ போட்டுக் குடுத்தாரே" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். "அதுக்கு அப்புறம்."

சுமத்தின பழி நீங்கிவிட்டது. அம்மாவை யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. விசாரணை அம்மா கிளம்பும்போது மருமகள் கேட்டாள்: "அந்த எழுத்தையெல்லாம் அழிச்சிடுவீங்கல்ல?"

"அழிக்க முடியாதும்மா. ஒரு தடவை ஏறினது ஏறினதுதான். கீழே திருத்தம்னு எழுதுவேன். படிக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சாத் தெரியும்."

"கடைசி வரைக்கும் யாரு மேடம் படிப்பா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே போய், "என் வாயில மண்ணைப் போட. என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "நீங்க கேட்டதைத்தானே சொன்னீங்க டைம் சார்" என்றாள். கோபமே இல்லை குரலில். ஆனால் பத்து நாளைக்கு என்னைக் காவலுக்குக் கூப்பிடவில்லை. பைகளை எடுத்துக்கொண்டு போக பட்டறையிலிருந்து ஆளை வரச் சொல்லிவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை வந்த சிஸ்டர் ஒரு மணி நேரம் இருந்தாள். இரண்டு சட்டைக் கையையும் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் தட்டினாள். "வலது கை, தடம் இல்லை. இடது கை, தடம் இல்லை. முடி ஒட்ட வெட்டப்பட்டுள்ளது." மருமகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். டேப்பை யாரும் எந்தப் பக்கமும் சாய்க்கவில்லை.

மறு வாரம் என்னைக் கூப்பிட்டாள். அவள் வெளியே போவதற்கு அல்ல, ஒரு ஜிப் பெட்டியை இறக்கிக் கொடுக்க. நான் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மகன் அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் டீயோடு வந்தான். மிஷின் பக்கத்தில் வைத்தான். நான் நிற்பதை அவன் கவனிக்கவில்லையா, கவனித்தும் பொருட்படுத்தவில்லையா தெரியாது.

"அந்தப் படமெல்லாம் அழிச்சிட்டேன்" என்றான்.

அவள் ஜிப்பைத் துணியோடு சேர்த்து ஊசிக்கு அடியில் வைத்தாள். "ஏன் அழிச்சீங்க? என்னைக் காப்பாத்தினது அதுதானே."

"தப்புதான். பயந்துட்டேன். அம்மாவால சொல்ல முடியாதேன்னு..." டம்ளரை அவள் கைப் பக்கமாக நகர்த்தினான். "விட்டுத்தள்ளேன். எப்பவும் போல இருப்போமே."

"அந்தப் பொத்தான் சிஸ்டர்கிட்டதான் இருக்கு. என்கிட்ட இல்ல."

மிஷின் ஓட ஆரம்பித்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து அம்மா, "ஆச்சு" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை, "ஆச்சு." அவன் போனான்.

"என்னம்மா? தண்ணியா? பசிக்குதா? ஜன்னலைச் சாத்தணுமா?" ஒவ்வொன்றுக்கும் ஆச்சு, ஆச்சு, ஆச்சு. ஆறு மாதத்தில் ஒன்றைக்கூட அவன் கற்றுக்கொண்டிருக்கவில்லை. கடைசியில் வாசலுக்கு வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "என்ன கேக்கறாங்க, சொல்லேன்."

அவள் மிஷினை நிறுத்தினாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"இடது பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க." அவன் நகர்ந்ததும் இன்னொன்றையும் சொன்னாள்: "கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. தடம் விழும்."